ஷியே ஜின்: கண்ணீரின் மீதான வழக்கு

1986 ஜூலையில் ஷாங்காயின் வென்ஹுய் நாளிதழில் ஜூ தாகே என்ற இளம் விமர்சகர் எழுதிய கட்டுரை, சீனத் திரையுலகின் மூத்த இயக்குநர் ஷியே ஜின்னைக் கூண்டில் ஏற்றியது. ஷியே ஜின் படங்களில் நல்லவன்மேல் பழி விழும். ஒரு பெண் தன்னையே தந்து அவனைத் தாங்குவாள். கடைசியில் அறம் வெல்லும். அழுது தீர்த்தவர்கள் மனம் இலேசாகி வீடு திரும்புவார்கள். இந்த வாய்ப்பாட்டைத்தான் விமர்சகர் சாடினார். இளம் இயக்குநர் சென் கைகேயின் 'மஞ்சள் நிலம்' 1984இலேயே வந்துவிட்டது. வசனத்தைச் சுருக்கி நிலத்தைப் பேசவிட்ட அந்தத் தலைமுறைக்கு ஷியே ஜின் நேற்றைய மனிதர்.

குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. சீனாவின் முதல் தங்கச் சேவல் திரைப்பட விருது பெற்ற 'தியான்யுன் மலையின் கதை'யில் (1980), வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்ட லுவோ சுன் நோயில் கிடக்கிறான். அவனை வண்டியில் கிடத்தி, ஃபெங் சிங்லான் பனி மூடிய பாதையில் தனியாளாக இழுத்துச் செல்கிறாள். நெஞ்சை உலுக்கும் காட்சி. ஆனால் அவளுக்கென்று ஒரு விருப்பம் உண்டா என்று படம் கேட்பதே இல்லை.

அதை வைத்து மொத்த வாழ்நாள் உழைப்பையும் தள்ளிவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஷியே ஜின் 1923இல் ஜெஜியாங் மாநிலத்து ஷாங்யூவில் பிறந்தவர். போர்க்காலச் சிச்சுவானில் நாடகம் பயின்றவர். 'ஐந்தாம் எண் கூடைப்பந்து வீராங்கனை' (1957), 'செம்படைப் பெண்கள்' (1961) இரண்டும் பெரும் வெற்றி. 1964இல் எடுத்த 'மேடைச் சகோதரிகள்' அவர் பிறந்த வட்டாரத்து யூவே இசை நாடகக் குழு ஒன்றின் கதை. வீதியில் கட்டிவைத்துத் தண்டிக்கப்படும் நடிகை சுன்ஹுவாவுக்கு ஒரு சிறுமி தண்ணீர் தருகிறாள். அவள் பெயரும் சுன்ஹுவாதான். கலாச்சாரப் புரட்சியில் இந்தப் படமே அவருக்கு எதிரான சான்றாக மாறியது. அவருடைய தாய், தந்தை இருவருமே அந்த ஆண்டுகளில் தற்கொலை செய்துகொண்டனர். அவர் படங்களின் கண்ணீரை மலிவான உத்தி என்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

விமர்சகருக்கான பதில் அதே 1986இல் எடுத்து முடித்த 'ஃபூரோங் ஊர்'. அரிசித் தயிர்க்கட்டி விற்றுப் பிழைக்கும் ஹூ யூயினாக லியூ ஷியாவோசிங்; 'பைத்தியக்கார சின்'னாக ஜியாங் வென். தண்டனையாக இருவரும் விடியற்காலையில் கல் பாவிய தெருவைப் பெருக்க வேண்டும். சின் துடைப்பத்தைப் பிடித்தபடி நடன அடி வைக்கிறான். மெல்ல அவளும் அதே தாளத்துக்கு வருகிறாள். அவமானப்படுத்தவென்று கொடுத்த வேலைக்குள்ளேயே காதல் முளைக்கிறது. இங்கே பெண் யாருக்கும் தியாகப் பொருள் அல்ல. பசியும் ஆசையும் பிடிவாதமும் உள்ளவள். முடிவிலும் ஆறுதல் முழுமையாக இல்லை. வறுமையைக் காட்டியே அதிகாரத்துக்கு வந்த வாங் சியூஷெ, மனம் பேதலித்து, மறுபடியும் அரசியல் இயக்கம் வருகிறது என்று கூவிக்கொண்டு தெருவில் சேகண்டி அடித்துப் போகிறான். அழுதுவிட்டு நிம்மதியாக எழுந்து போக விடாத முடிவு அது. 1988இல் கார்லோவி வாரி விழாவின் உயரிய பரிசு இதற்குக் கிடைத்தது. படம் எடுத்த ஹுனான் மாநிலத்து வாங்சுன் ஊர், 2007இல் தன் பெயரையே ஃபூரோங் என்று மாற்றிக்கொண்டது.

ஹாங்காங் சீனாவிடம் திரும்பிய 1997இல் வந்த 'அபின் போர்' பிரம்மாண்டமானது. ஆனால் அதில் தனி மனித முகங்கள் தேய்ந்துபோயின. தாம் படித்த பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்காக ஷாங்யூ போன இடத்தில், 2008 அக்டோபரில் ஷியே ஜின் காலமானார். அவரை மறுமதிப்பீடு செய்ய முனைவோர் 'மேடைச் சகோதரிக'ளையும் 'ஃபூரோங் ஊ'ரையும் அருகருகே வைத்துத் தொடங்கட்டும். வாய்ப்பாட்டை உருவாக்கியவரும் அதை மீறியவரும் ஒருவரே என்பது அங்கே தெரியும்.