கொழுக்குமலையில் ஒரு பாய்

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு வண்டி வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. ஜீப்பில்தான் ஏற முடியும், பாதையெல்லாம் கல். உயரம் ஏறக்குறைய 7,900 அடி. டிசம்பரில் அங்கே கூடாரத்தில் படுக்கலாம் என்றால் வீட்டில் ஒருவராவது முகம் சுளிப்பார். பெரும்பாலும் அம்மா: "லாட்ஜுல ரூம் கிடைக்கலையா?"

அந்த அம்மாவைத் தூங்க வைப்பது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ஃபோம் பாய். ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தருவதில்லை. பஞ்சுக்குள் அடைபட்ட காற்றால் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. முதுகுக்குக் கீழே அந்தப் பஞ்சு நசுங்கும். காற்று வெளியேறும். தரை சூட்டை உறிஞ்சத் தொடங்கும். அதைத் தடுப்பது பாய்தான். மேலே இன்னொரு கம்பளியைப் போர்த்துவதைவிடக் கீழே இன்னொரு பாயை விரிப்பது மேல் என்பது ஓர் இரவு நடுங்கியவருக்குத் தெரியும்.

மஃப்ளரைக் காதோடு கட்டி, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் காலடியில் வைத்தால், மரத்த பாதம் மெல்ல இளகும். பிள்ளைகளுக்கு நடு இடம்.

விடியலில் கூடாரத் துணியின் உள்பக்கம் தொட்டால் கை நனைகிறது. உள்ளே படுத்திருந்த எல்லாரும் இரவெல்லாம் விட்ட மூச்சு அது. வெளியே பள்ளத்தாக்கை மேகம் மூடிக் கிடக்கிறது. முதலில் ஜிப்பைத் திறந்து எட்டிப் பார்ப்பவர் அம்மா.