பவேல் ஹாஸ்: கிடைத்ததும் விடுபட்டதும்

செக் இசை என்றால் ஸ்மெத்தனா, துவோர்ஷாக், யானாச்செக் என்று மூன்று பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். யானாச்செக்கின் மாணாக்கர் பவேல் ஹாஸ் (1899–1944). யூதர் என்பதால் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர். அவருடைய இசைத்தட்டைத் தேடுகிறவர்கள் ‘கிடைச்சா போதும்’ என்று வாங்கிவிடக் கூடாது.

‘குரங்கு மலைகளிலிருந்து’ (1925) என்பது நான்கு தந்தி வாத்தியங்களுக்கான அவரது 2ஆம் படைப்பு. அதன் கடைசிப் பகுதியில் ஜாஸ் தாளம் வைத்திருந்தார். விமரிசகர்கள் முகம் சுளிக்கவே, அவரே எடுத்துவிட்டார். பிற்காலப் பதிவுகள் சிலவும் தாளமில்லாமலே வந்தன. கேட்டால் குறை தெரியாது, அதுதான் தொல்லை! 2006இல் சுப்ராபோன் வெளியிட்ட, ஹாஸ் பெயரையே சூடிய குழுவின் பதிவில் தாளம் உண்டு. அதைக் கேட்டபின் மற்றவை எனக்கு உப்பில்லாப் பண்டந்தான்.

தெரேசின் முகாமில் 1943இல் தந்தி வாத்தியக் குழுவுக்கு எழுதியது இன்னும் விசேஷம். அங்கே அதை நடத்திய கரேல் ஆன்செர்ல் உயிர் பிழைத்தார். போருக்குப் பின் வாத்தியத் தாள்களைத் தேடி எடுத்தார். டபிள் பாஸ் தாள் மட்டும் இல்லை. இன்று தட்டில் கேட்கும் அந்த அடிநாதம் லுபோமீர் பெதுட்சி ஊகித்து எழுதிச் சேர்த்தது. ஏடு சிதைந்த சுவடியில் பதிப்பாசிரியர் ஒரு சொல் சேர்த்தால் அடைப்புக்குறிக்குள் காட்டுவார். இசைக்கு அடைப்புக்குறி கிடையாது. தட்டின் உறையிலாவது சொல்ல வேண்டாமா?