மன்னிக்க இயலாச் சாபமும் மன்னிக்கப்பட்ட நாயகனும்

ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் நூல்வரிசையின் முதல் நூல் 1997ஆம் ஆண்டிலும், ஏழாவதும் இறுதியுமான நூல் 2007ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. எகிப்தின் நஹ்ளத் மிஸ்ர் பதிப்பகம் அவற்றை அரபு மொழிக்குக் கொண்டுவந்தது. தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. இந்நூல்களைப் பற்றி நம்மிடையே எழும் பேச்சு பெரும்பாலும் ஒரே வினாவில் முடிந்துவிடுகிறது: சூனியத்தைப் பேசும் கதையை நம் பிள்ளைகள் படிக்கலாமா? வினா நியாயமானதே. எனினும், அதனோடு நின்றுவிடுவதால் அதைவிடக் கனமான வேறொரு வினா கேட்கப்படாமலே போகிறது.

முதல் வினாவை முதலில் பார்ப்போம். சூனியத்தைப் பற்றிக் கதை சொல்வது வேறு. சூனியம் செய்வது வேறு. ஹாரூத், மாரூத் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 102ஆம் வசனம் பேசுகிறது. மூஸா (அலை) அவர்களை எதிர்த்து நின்ற சூனியக்காரர்களின் வரலாற்றைத் தாஹா அத்தியாயம் விரித்துரைக்கிறது. இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ தம் தஃப்ஸீரில் 'சிஹ்ர்' என்னும் சொல்லின்கீழ் எட்டு வகைகளை எண்ணுகிறார். கண்கட்டு வித்தையும் அவற்றுள் ஒன்று. ஈமானைக் குலைக்கும் சிஹ்ர் ஷைத்தான்களின் துணையை நாடுவதில் இருக்கிறது. ரௌலிங்கின் உலகில் அத்தகைய வழிபாடு இல்லை. அங்கே மந்திரம் பிறவியில் வரும் ஆற்றல். பள்ளியில் பயிலும் கலை. ஆயிரத்தொரு இரவுகளின் அற்புதக் கதைகளுக்கே அது நெருக்கமானது. சிஹ்ர் அழித்தொழிக்கும் ஏழு பெரும்பாவங்களுள் ஒன்று என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே உணர்த்திவிட்டால், இவ்விடத்தில் ஆசிரியரின் கடமை பெரிதும் நிறைவேறிவிடும்.

இந்நூல்களின் துப்பறியும் அமைப்பும் பாராட்டத்தக்கது. முதல் நூலில் ஐயம் முழுவதும் ஸ்நேப் மீது விழுகிறது. குற்றவாளியோ எளியவராகத் தோன்றிய குவிரெல். மூன்றாம் நூலில் கொலைகாரன் என்று அனைவரும் நம்பிய சிரியஸ் பிளாக் நிரபராதியாகிறார். உண்மைக் குற்றவாளி பெட்டிக்ரூ கைக்குக் கிட்டியபோது, அவனைக் கொல்லவிடாமல் தடுப்பவன் பதின்மூன்று வயது ஹாரி. தீய எண்ணத்தைத் தவிர்க்கச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தைப் பாடம் நடத்துபவருக்கு இவை நல்ல எடுத்துக்காட்டுகள்.

நம் இரண்டாம் வினா 2000ஆம் ஆண்டில் வந்த நான்காம் நூலில் தொடங்குகிறது. மன்னிக்க இயலாத சாபங்கள் மூன்று என்று அங்கே மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. ஒன்று பிறர் சித்தத்தைக் கைப்பற்றுவது, ஒன்று வதைப்பது, ஒன்று கொல்வது. சக மனிதன்மீது இவற்றுள் எதை ஏவினாலும் அஸ்கபான் சிறையில் ஆயுள் தண்டனை. போர்க்காலத்தில் இச்சாபங்களை அரசு வீரர்களுக்கு அனுமதித்த கிரௌச் என்னும் அதிகாரி, எதிரிகளைப் போலவே கொடியவராக மாறினார் என்று சிரியஸ் வாயிலாக அதே நூல் கண்டிக்கவும் செய்கிறது.

ஐந்தாம் நூலில் ஹாரி வதைக்கும் சாபத்தைப் பெலாட்ரிக்ஸ் மீது ஏவுகிறான். அது முழுமையாகப் பலிக்கவில்லை. வதைக்க வேண்டும் என்ற விருப்பம் உள்ளத்தில் மெய்யாக இருக்க வேண்டும் என்று அவளே அவனுக்கு விளக்குகிறாள். ஏழாம் நூலில், தன் ஆசிரியை மெக்கோனகல் முகத்தில் எச்சில் உமிழ்ந்த அமிகஸ் மீது அவன் மீண்டும் அதையே ஏவுகிறான். இம்முறை பலிக்கிறது. பெலாட்ரிக்ஸ் சொன்னதன் பொருள் இப்போது விளங்கியது என்கிறான். ஆசிரியை திடுக்கிட்டாலும் அச்செயலை வீரப் பண்பென்றே ஏற்கிறார். சற்று நேரத்தில் சித்தத்தைக் கைப்பற்றும் சாபத்தைத் தாமே கையாள்கிறார். பின்னர் விசாரணையில்லை, வருத்தமில்லை, கதை கடந்து சென்றுவிடுகிறது.

இக்காட்சிக்கு நேரெதிரான ஒரு காட்சி நம் மரபில் உண்டு. மௌலானா ரூமி தம் மஸ்னவியின் முதல் பாகத்தில் சொல்கிறார்: போர்க்களத்தில் ஹஸ்ரத் அலி (ரலி) அவர்கள் எதிரியை வீழ்த்திய நொடியில் அவன் அவர்கள் முகத்தில் உமிழ்கிறான். உடனே அவர்கள் வாளைக் கீழே விடுகிறார்கள். இறைவனுக்காக என்றிருந்த நிய்யத்தில் தம் கோபமும் கலந்துவிட்டது என்பதே காரணம். அதே அவமதிப்பு; அதே போர்க்களச் சூழல். ஒருவர் தம் நிய்யத்தை ஆராய்ந்து கையை இழுத்துக்கொள்கிறார். மற்றவனோ நிய்யத் கெட்ட பின்னரே தன் சாபம் வலிமை பெற்றதை உணர்ந்தும் தயங்கவில்லை.

ரௌலிங்குக்கு இது தெரியாததன்று என்பதே நம் குறையை மிகுதியாக்குகிறது. கொலையால் பிளவுபட்ட ஆன்மாவை மெய்யான வருத்தம் ஒன்றே மீண்டும் இணைக்கும் என்று அதே ஏழாம் நூலில் ஹெர்மாயினி படித்தறிந்து சொல்கிறாள். வருந்துவதே தவ்பா என்னும் நபிமொழியை அறிந்தவர்கள் அவ்விடத்தில் சற்று நின்று வியக்காமல் இரார். இறுதிப் போரில் வோல்டமோர்ட்டையே வருந்திப் பார்க்குமாறு ஹாரி அழைக்கிறான். பகைவனிடம் கேட்ட அந்த வருத்தத்தை ஆசிரியர் தம் நாயகனிடம் கேட்கவில்லை.

மன்னிப்பை நாம் மறுக்கவில்லை. அஸ்ஸுமர் அத்தியாயம் பாவிகளுக்குத் திறந்து வைத்துள்ள வாயிலை மூட எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் அவ்வாயிலுக்குத் தவ்பா என்று பெயர். 'நம்மவன்' என்று பெயரன்று. எதிரி செய்தால் கொடுமை, நம்மவர் செய்தால் வீரம் என்னும் அளவுகோலே பிள்ளைகளின் உள்ளத்தில் ஓசையின்றிப் பதியக்கூடியது. மந்திரக்கோல் வெறும் கற்பனை என்பது பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். இந்த அளவுகோலைக் கற்பனையென்று அதனிடம் யாரும் சொல்வதில்லை. ஆகவே நூலைப் பிடுங்குவதைவிட, அந்தப் பக்கத்தைப் பிள்ளையோடு அமர்ந்து படித்து, ஹாரி செய்தது சரிதானா என்று கேட்பதே மேல்.