ஐபாட் கிளாசிக்: பாட்டுப்பெட்டியும் அதன் பட்டியலும்

ஐபாட் கிளாசிக் என்பது ஆப்பிள் நிறுவனம் 2001 முதல் 2014 வரை விற்ற, ஹார்ட் டிஸ்க் கொண்ட கையடக்கப் பாட்டுக் கருவி. ‘கிளாசிக்’ என்ற பெயர் 2007 செப்டம்பரில்தான் சேர்ந்தது. அதுவரை அது வெறும் ஐபாட். மினி, ஷஃபிள், நானோ, டச் என்று தம்பிகள் வரிசையாக வந்தபின் மூத்ததைத் தனியே சுட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது.

இக்கருவியைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதன் வடிவழகையோ, வெள்ளை நிற இயர்போனையோ, நிறுவனத்தின் வியாபார வெற்றியையோ பேசினார்கள். அவை குறைத்து மதிப்பிட வேண்டியவை அல்ல. ஆனால் ஐபாட் அடிப்படையில் ஒரு பட்டியல். ஒருவரது முழு இசைத் திரட்டையும் குறிப்பிட்ட ஒரு முறையில் அடுக்கிக் காட்டும் நூலகப் பட்டியல். அதன் சாதனையும் குறையும் அங்கேதான் இருக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஆயிரத்திலிருந்து நாற்பதாயிரம்

முதல் ஐபாட் 2001 அக்டோபர் 23 அன்று அறிமுகமானது. கொள்ளளவு 5 ஜிபி. விலை 399 டாலர். ஆயிரம் பாட்டைச் சட்டைப்பையில் கொண்டுபோகலாம் என்பதே விளம்பரம். நிறையப் பாட்டு கொள்ளும் கருவியை ஆப்பிள்தான் முதலில் செய்தது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. காம்பாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான பர்சனல் ஜூக்பாக்ஸ் 1999-லேயே ஏறத்தாழ 5 ஜிபி ஹார்ட் டிஸ்குடன் வந்துவிட்டது. 2000-இல் வந்த கிரியேட்டிவ் நோமாட் ஜூக்பாக்ஸ் 6 ஜிபி கொண்டது. ஆனால் அது கையில் தூக்கிச் செல்லும் சிடி பிளேயர் அளவுக்குப் பெரியது. யுஎஸ்பியின் பழைய வடிவத்தின் வழியே அதை நிரப்ப மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஐபாட் இந்த இரண்டு தொல்லைகளையும் தீர்த்தது. தோஷிபாவின் 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க் கருவியைச் சிறியதாக்கியது. ஃபயர்வயர் இணைப்பு நிரப்பும் நேரத்தை நிமிடங்களாகக் குறைத்தது. மூன்றாவதாக ஒரு நுட்பமும் உண்டு. அடுத்து வரும் பாட்டுகளைக் கருவி 32 எம்பி நினைவகத்தில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு டிஸ்கை உறங்கவிடும். சுமார் 20 நிமிடப் பாட்டு இப்படி நினைவகத்திலிருந்தே ஒலிக்கும். பேருந்தில் குலுங்கினாலும் பாட்டு தடுக்காததற்கும், சிறிய பேட்டரி பத்து மணி நேரம் தாங்கியதற்கும் காரணம் இதுதான். பொறியியலாக இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2009-இல் வந்த கடைசி மாடலின் கொள்ளளவு 160 ஜிபி. நிறுவனத்தின் கணக்குப்படி 40,000 பாட்டு. ஒரு பாட்டு நான்கு நிமிடம் என்று வைத்தால், உறங்காமல் கேட்டாலும் 111 நாள் ஆகும். ஆயிரம் பாட்டுக்குள் எது எங்கே இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ள முடியும். நாற்பதாயிரத்தில் அது நடக்காது. அங்கே பட்டியலில் தவறான இடத்தில் இருக்கும் பாட்டு, டிஸ்கில் இருந்தும் இல்லாததுதான். இடம் பெருகப் பெருக, கருவியின் தரம் அதன் பட்டியலின் தரமாகவே ஆகிவிட்டது.

அடுக்கு யாருடையது

ஐபாடின் பட்டியலில் நுழையும் வழிகள் சில: பாடகர், ஆல்பம், பாட்டு, இசை வகை, இசையமைப்பாளர், பயனர் தொகுத்த பிளேலிஸ்ட். இவற்றில் முதல் மூன்றும் அமெரிக்க இசைத்தட்டுக் கடையின் அலமாரி வரிசை. கடைக்குள் போனால் குழுவின் பெயர், அதன்கீழ் ஆல்பம், அதனுள் பாட்டு. ஒன்றிலிருந்து ஒன்றுக்குள் இறங்கும் இந்தப் படிமுறைக்கே கிரியேட்டிவ் நிறுவனம் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. 2006-இல் அந்த வழக்கை முடிக்க ஆப்பிள் 10 கோடி டாலர் கொடுத்தது. பட்டியல்தான் கருவி என்பதை இரு நிறுவனங்களும் விமர்சகர்களைவிட நன்றாக அறிந்திருந்தன.

இந்த வரிசைக்கான தகவல், பாட்டுக் கோப்பினுள்ளேயே டேக் எனப்படும் விவரக்குறிப்பாகப் பதிந்திருக்கும். எம்பி3 கோப்புகளுக்கான ஐடி3 டேக்கின் முதல் வடிவம் மொத்தமே 128 பைட். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30. இசை வகையை எண்பது வகை கொண்ட ஒரு பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த எண்பதில் போல்காவுக்கு இடம் உண்டு. கிறிஸ்தவ ராப்புக்குத் தனி இடம் உண்டு. கர்நாடக இசை இல்லை, இந்துஸ்தானி இல்லை. பிற்பாடு வந்த வடிவங்களில் வகையை நாமே எழுதிக்கொள்ளலாம் என்றானது.

தமிழ்த் திரைப்பாடல் திரட்டு ஒன்றை இதில் ஏற்றிப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரியும். ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர் பொருந்துகிறது. அதில் பெரிய தொல்லை இல்லை. ஆனால் நம்மிடம் வந்த பல ஒலிநாடாக்களும் சிடிக்களும் இரண்டு மூன்று படங்களை ஒன்றாகச் சேர்த்து வந்தவை. அவற்றைக் கணினியில் ஏற்றியவர் அட்டையில் கண்டபடி இரு படப் பெயர்களையும் ஒரே ஆல்பமாக எழுதியிருப்பார். ‘ஹிட்ஸ்’ தொகுப்பாக இருந்தால் படத்தின் பெயரே போய்விடும்.

பெரிய சிக்கல் பாடகர் பட்டியலில். ஐபாட் பாடகர் பெயரை ஒரே சொற்கோவையாகத்தான் பார்க்கும். எஸ்.பி. பாலசுப்ரமணியம் தனியாகப் பாடியது ஒரு பாடகர். அவரும் எஸ். ஜானகியும் சேர்ந்து பாடியது இன்னொரு ‘பாடகர்’. வாணி ஜெயராமுடன் பாடியது மூன்றாவது, சித்ராவுடன் நான்காவது. ஜானகி பெயரை முதலில் எழுதிய கோப்பு இருந்தால் அது ஐந்தாவது. ஜோடிப் பாடலையே உயிராகக் கொண்ட ஒரு இசை மரபில், ஒரு பாடகர் பட்டியலில் நாற்பது ஐம்பது துண்டாகச் சிதறுகிறார். மேலை ராக் குழுவுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. அங்கே குழுவின் பெயர் ஒன்றே.

அகரவரிசையையும் பாருங்கள். ‘தி பீட்டில்ஸ்’ என்ற பெயரில் ‘தி’ என்பதை விட்டுவிட்டு ‘பி’ வரிசையில் வைக்க வேண்டும் என்று ஐபாடுக்குத் தெரியும். டி.எம். சௌந்தரராஜனின் தலைப்பெழுத்தை விட்டுவிட வேண்டும் என்று தெரியாது. அவர் ‘டி’ வரிசையில், பி. சுசீலாவும் பி.பி. ஸ்ரீனிவாசும் ‘பி’ வரிசையில். பாதித் திரையுலகம் தலைப்பெழுத்தின் கீழ் குவிந்துவிடும். எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இளையராஜாவின் பெயரை ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். ஒரு ‘ஏ’ கூடினாலும் குறைந்தாலும் கருவிக்கு அவர் வேறு ஆள். சிடியைக் கணினியில் போட்டால் விவரத்தைத் தானே நிரப்பும் இணையத் தரவுத்தளமும், தொடக்கத்தில் பயனர்கள் தட்டச்சு செய்து கொடுத்ததால் வளர்ந்ததுதான். முதலில் தட்டச்சு செய்தவரின் எழுத்துக்கூட்டலே எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

இசையமைப்பாளர் பட்டியல் மட்டும் எதிர்பாராத உதவி. அது மேலைச் செவ்வியல் இசையில் பாக், மொசார்ட் போன்றோரைத் தேட ஏற்ற வழி. தமிழ்க் கேட்போருக்கோ, இது யார் மியூசிக் என்பதுதான் முதல் கேள்வி. டேக்கைப் பொறுமையாகத் திருத்தியவர்களுக்கு ஐபாடில் மிக நன்றாக வேலை செய்த வழி இதுவே. விஸ்வநாதன்–ராமமூர்த்தி ஒரு பெயராகவும், பிரிந்தபின் எம்.எஸ். விஸ்வநாதன் இன்னொரு பெயராகவும் வருவது இங்கே பிழையல்ல, வரலாறே அப்படித்தான்.

பாடலாசிரியருக்கு இடமே இல்லை. கண்ணதாசன் பாட்டு மட்டும் கேட்க வேண்டும், வாலி பாட்டு மட்டும் கேட்க வேண்டும் என்றால் வழியில்லை. தொழில்நுட்பம் இடம் தரவில்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. ஐடி3-இன் இரண்டாம் வடிவத்தில் பாடலாசிரியருக்கென்றே தனிப் புலம் இருக்கிறது. 1999-இல் வந்த அதன் 2.3 பதிப்பிலும் உண்டு. ஐபாட் பிறப்பதற்கு முன்பே கோப்பில் இருந்த இடத்தை, கருவியும் ஐடியூன்ஸ் மென்பொருளும் காட்டவில்லை. கவிஞர் பெயரைச் சொல்லிப் பாட்டைக் கேட்கும் ஒரு சமூகம் இருக்கிறது என்பது அந்த அலமாரியைச் செய்தவர்கள் நினைப்பில் இல்லை.

கர்நாடக இசைக்கு இன்னும் மோசம். ராகம், தாளம், சாகித்யகர்த்தா, பக்கவாத்தியம் என்ற நான்கில் ஒன்றுக்குத்தான், அதுவும் இசையமைப்பாளர் என்ற பெயரில், இடம். ராகத்தைப் பலர் பாட்டின் பெயரோடு ஒட்டி எழுதினார்கள். சிலர் இசை வகை என்ற இடத்தில் எழுதினார்கள். இது ஏதோ கீழை நாட்டுப் புலம்பல் என்று எண்ண வேண்டாம். நான்கு பகுதிகள் கொண்ட ஒரு சிம்பொனியும் ஐபாடில் நான்கு ‘பாட்டு’தான். அங்கே பாடகர் யார்? நடத்துநரா, இசைக்குழுவா, தனி வயலின்காரரா? அந்த ரசிகர்களும் ஆண்டுக்கணக்கில் குறைபட்டார்கள். 2023-இல் ஆப்பிளே செவ்வியல் இசைக்கென்று தனிச் செயலியை வெளியிட்டது. பொதுவான பட்டியல் அந்த இசைக்குப் போதாது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2002-இல் ஐடியூன்ஸில் வந்த ஸ்மார்ட் பிளேலிஸ்ட் நல்ல வசதி. குறிப்புப் பகுதியில் ‘கல்யாணி’ என்று எழுதிவைத்தால், அந்தச் சொல் உள்ள எல்லாவற்றையும் அது தானே திரட்டிக் கருவிக்கு அனுப்பும். கவிஞர் பெயரையும் அப்படி எழுதிவைக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான பாட்டுக்கு ஒவ்வொன்றாக எழுத வேண்டியவர் கேட்பவர். அவர் தம் வீட்டு நூலகராக ஆக வேண்டும். பலர் ஆனார்கள், விடுமுறை நாட்களை அதிலேயே கழித்தவர்கள் உண்டு.

உழைப்பு போன இடம்

அந்த உழைப்புக்குக் கருவி என்ன மரியாதை கொடுத்தது என்பதே இதில் முக்கியமான கேள்வி. ஐபாடைக் கணினியில் இணைத்து அதன் டிஸ்கைத் திறந்தால் பாட்டு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மறைத்து வைத்த கோப்புறைக்குள் எஃப்00, எஃப்01 என்று எண்ணிட்ட கோப்புறைகள். பிற்கால மாடல்களில் அவற்றுக்குள் பொருளற்ற நான்கெழுத்துப் பெயர்களோடு கோப்புகள். எது எந்தப் பாட்டு என்ற பட்டியல் தனியொரு தரவுக் கோப்பில். பாட்டு கணினியிலிருந்து கருவிக்குப் போகும். கருவியிலிருந்து கணினிக்கு ஆப்பிள் வழியில் திரும்பாது, அதன் கடையில் வாங்கியவை மட்டும் பிற்பாடு விதிவிலக்கு. கணினி பழுதானால், கையிலிருக்கும் முழுத் திரட்டையும் மீட்க வேறொருவர் எழுதிய மென்பொருளைத் தேட வேண்டும்.

இந்தப் பூட்டுக்குச் சொன்ன நியாயம் திருட்டுத் தடுப்பு. முதல் ஐபாடின் உறையிலேயே ‘இசையைத் திருடாதே’ என்று நான்கு மொழிகளில் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தின் கணக்கைப் பாருங்கள். அதுவரை விற்ற ஐபாட்களில், ஒன்றுக்குச் சராசரியாக 22 பாட்டுதான் ஆப்பிள் கடையில் வாங்கியது. நிரம்பிய ஒரு ஐபாடில் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. மீதி எல்லாம் சொந்த சிடிக்களும் வேறு வழியில் வந்த கோப்புகளும். இந்தியாவில் அந்தக் கடை திறந்ததே 2012 டிசம்பரில். கருவி பிறந்து பதினோரு ஆண்டு கழித்துக் கடை வந்தது. கடை வந்து இரண்டு ஆண்டுக்குள் கருவி நின்றது. இங்கே ஐபாட் வைத்திருந்தவர் அதுவரை எங்கிருந்து அதை நிரப்பியிருப்பார் என்று யாரும் கேட்கவில்லை.

பூட்டு இல்லாமலும் செய்திருக்கலாம் என்பதற்கு அதே காலத்துக் கருவிகளே சாட்சி. ஆர்க்கோஸ் போன்றவற்றில் கணினியில் வைத்த கோப்புறை வரிசை அப்படியே கருவியில் தெரியும். ‘எம்.எஸ்.வி.’ என்று ஒரு கோப்புறை, அதற்குள் ‘1965-க்குப் பின்’ என்று இன்னொன்று. அடுக்கு கேட்பவருடையது. ஆர்க்கோஸுக்காக 2001-இல் தொடங்கிய ராக்பாக்ஸ் என்ற தன்னார்வலர் மென்பொருளைப் பிற்பாடு ஐபாடின் பல மாடல்களிலும் ஏற்ற முடிந்தது. ஏற்றியவர்கள் சிலரே. அதன் திரைக்கு ஐபாடின் அழகு கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேட்டரி விஷயம் பலரும் எழுதியதுதான். பயனர் மாற்ற முடியாதபடி உள்ளே வைத்து மூடியதால் எழுந்த வழக்கில், முதல் மூன்று தலைமுறை ஐபாட் வாங்கியவர்களுக்கு 50 டாலர் மதிப்புச் சீட்டு தர 2005-இல் உடன்பாடு ஆனது.

ஷஃபிள் என்ற தப்பிப்பு

பட்டியலில் தேடிக் களைத்தவருக்கு ஐபாட் காட்டிய வழி ஷஃபிள்: நீ தேட வேண்டாம், நானே கலைத்துப் போடுகிறேன். இதைப் புதிய கேட்கும் முறை என்று கொண்டாடினார்கள். ஐபாடைப் பற்றி ஸ்டீவன் லெவி 2006-இல் எழுதிய நூலின் அத்தியாயங்களையே பிரதிக்குப் பிரதி வரிசை மாற்றி அச்சிட்டார்கள். ஒரே பாடகர் அடுத்தடுத்து வந்தால் இது கலைப்பே இல்லை என்று பயனர்கள் குறை சொன்னதால், உண்மையான தற்செயலைக் குறைத்துத் தற்செயல் போலத் தோன்றச் செய்யும் வசதியை 2005-இல் சேர்த்தார்கள். அதே சமயம், இடைவெளியின்றி ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரும் ஆல்பத்தை இடைவெளியின்றி ஒலிக்கச் செய்ய 2006 வரை ஐந்து ஆண்டு பிடித்தது. வரிசையாகக் கேட்பவர் அவர்கள் கணக்கில் கடைசி ஆள்.

2014 செப்டம்பரில் விற்பனை நின்றது. உதிரிப்பாகம் கிடைக்கவில்லை என்று நிறுவனத்தின் தலைவர் டிம் குக் விளக்கம் சொன்னார். பழைய ஐபாடைத் திறந்து, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்திப் பயன்படுத்துவோர் இப்போதும் இருக்கிறார்கள். எடை குறைகிறது, பேட்டரி நீடிக்கிறது, கொள்ளளவு பல மடங்காகிறது. திரையில் பாடகர் பட்டியலைத் திறந்தால் பாலசுப்ரமணியம் மட்டும் பழையபடி நாற்பது ஐம்பது பேராகவே நிற்கிறார்.