கூறை மாற்றும் நேரம் வரை தாங்குமா?

ஆவணியில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கல்யாணம் என்றால் பொம்பிளையின் ஒப்பனை விடியமுன்னமே தொடங்கிவிடும். பிறகு வீடியோ வெளிச்சம், ஓமப்புகை, வியர்வை, கன்னிகாதானத்தில் வரும் கண்ணீர். இத்தனையையும் தாங்க வேண்டியது முகத்திலேயே மிக மெல்லிய தோலான கண்ணிமை. கிறீம் ஐஷேடோவை பவுடருக்கு அடியில் பூசுவதா, அதை மட்டும் பூசி விடுவதா என்பதை எடைபோட இதைவிடக் கடினமான களம் வேண்டாம்.

கிறீமில் இருப்பவை மெழுகு, எண்ணெய், சிலிக்கோன், நிறமி. பூசியதும் எளிதில் ஆவியாகும் சிலிக்கோன்கள் போய்விட, மிச்சம் படலமாக இமையில் ஒட்டிக்கொள்கிறது. அது முழுதாக இறுகுமுன் பவுடரை மெதுவாகத் தட்டினால் துகள்கள் பிடித்துக்கொள்ளும். நிறம் எடுப்பாகத் தெரியும், மினுக்கம் கன்னத்தில் கொட்டாது. அடித்தளமாக அதன் பலம் இதுதான். ஆனால் விரல்நுனியில் ஒற்றி எடுக்கும் அளவுக்கு மேல் போனால் அந்த அடித்தளமே வழுக்கும்.

தனியே பூசும்போதுதான் சிக்கல். யாழ்ப்பாண வெக்கையில் மெழுகு இளகும். இமையில் சுரக்கும் எண்ணெய் அதனோடு கலக்கும். ஒவ்வொரு இமைப்புக்கும் நிறம் மடிப்பை நோக்கி நகரும். சில மணிநேரத்தில் இமையின் நடுவில் ஒரு கோடு, இருபுறமும் வெறும் தோல். 2012 அளவில் பரவலான மேபலினின் ‘கலர் டாட்டூ’ போன்ற, விரைவில் இறுகும் வகைகள் இந்தக் குறையைப் பெருமளவு குறைத்தன. ஆனாலும் பெட்டியில் எழுதிய 24 மணிநேரத்தை எண்ணெய்ப்பசையுள்ள இமையிடம் எதிர்பார்க்க முடியாது.

இது புதிய பாடமும் அல்ல. 1914இல் ஒப்பனைக் கலைஞர் மக்ஸ் ஃபக்டர் சினிமாவுக்கென மெல்லிய கிறீஸ் பெயின்ற் தயாரித்தார். எண்ணெய்ப் பூச்சு அசையாமல் நிற்க அதன்மேல் பவுடர் போடுவது அக்கால நடிகர்களின் வழக்கம்.

அப்படியென்றால் கிறீம் மட்டும் போதும் என்பவர்கள் தவறா? இல்லை. வறண்ட இமையிலும், சுருக்கம் விழுந்த இமையிலும் பவுடர் கோடுகளைத் துலக்கிக் காட்டும். மினுக்கமில்லாத கிறீம் அங்கே இயல்பாகப் பொருந்தும். வேலைக்கோ மாலை விருந்துக்கோ அவசரமாகப் புறப்படுபவருக்குத் தூரிகைகூடத் தேவையில்லை. நிறத் தெரிவில் மட்டும் கவனம் வேண்டும்: வெளிறிய பழுப்பு, மாநிறத்தவர் இமையில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும்.

திருத்துவதிலும் வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணக் கல்யாணத்தில் பொம்பிளை கூறைச் சேலை மாற்றப்போகும் சில நிமிடமே ஒப்பனையைச் சரிபார்க்கக் கிடைக்கும் இடைவெளி. தனிக் கிறீம் மடிப்பில் தேங்கியிருந்தால் விரலால் அழுத்தி மீண்டும் பரப்பிவிடலாம். பவுடர் ஏறிய இமையில் மேலும் கிறீம் வைத்தால் திட்டுத் திட்டாகிவிடும். எண்ணெயை ஒற்றியெடுத்து, கொஞ்சம் பவுடர் தட்டலாம், அவ்வளவுதான். ஆனால் பவுடர் ஏறிய இமைக்கு அப்படியொரு திருத்தம் தேவைப்படும் வாய்ப்பே குறைவு. வியர்க்கும் மணமேடைக்கு மெல்லிய கிறீமும் பவுடரும் சேர்ந்த முறையே மேல் என்பதற்கு அதுவே காரணம்.

எந்த முறையானாலும் டப்பா பெரிய பலவீனம். பலருக்கு ஒப்பனை செய்யும் பார்லரில் ஒரே டப்பாவுக்குள் விரல் போனால் கண்நோய்க் கிருமியும் கூடவே போகலாம். சுத்தமான சிறு கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்துப் பூசுவதே முறை. மூடி திறந்து கிடந்தால் ஆவியாகும் பகுதி போய் கிறீம் காய்ந்துவிடும்; எண்ணெய் விட்டு இளக்கினால் பிறகு இமையில் இறுகவே இறுகாது.