எண்கள் பெருகினால் இசை பெருகுமா?

நல்லதொரு பெருக்கி, இரண்டு ஒலிபெருக்கிகள், ஒரு குறுந்தகடு இயக்கி ஆகியவற்றை வீட்டில் வைத்திருக்கும் இசை அன்பர் ஒருவர், அவற்றுடன் 'சூப்பர் ஆடியோ சிடி' இயக்கியையும் சேர்க்கலாமா என எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "எண்களைப் பாருங்கள், பெரியதே சிறந்தது" என்கின்றன விளம்பரங்கள். இவ்விடை அறிவியலுக்கு ஒத்ததுதானா என்று ஆராய்வோம்.

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகப் பதிகிறது. அதாவது 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் 1999இல் வெளியிட்ட சூப்பர் ஆடியோ சிடியோ நொடிக்கு 28,22,400 முறை அளக்கிறது. இது 64 மடங்கு என்பது உண்மையே. ஆனால் ஒவ்வோர் அளவும் ஒரே ஒரு பிட்தான் என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை. ஒரு பிட்டினால் எழும் பெரும் இரைச்சலைச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்களுக்குத் தள்ளிவிட்டே இம்முறை இயங்குகிறது. எனவே இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது.

இரண்டு அளவுகளுக்கு இடைப்பட்ட ஒலி தொலைந்துபோகிறது என்னும் கருத்தும் தவறானது. ஓர் ஒலியில் அடங்கிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால், அவ்வலையை முழுமையாகத் திரும்பப் பெறலாம் என்பதைக் கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். நம் செவியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் குறையும். 44,100இல் பாதி 22,050. ஆகவே செவிக்குரிய பரப்பைக் குறுந்தகடு முழுவதும் தழுவி நிற்கிறது. 16 பிட் தரும் ஒலி வீச்சு சுமார் 96 டெசிபெல். அமைதியான வீட்டு அறையிலேயே 30 டெசிபெல் அளவு பின்னணி ஒலி இருக்கும். அதற்கு மேல் 96 டெசிபெல் என்றால், அது செவியை நோகச் செய்யும் உரப்பாகும்!

கொள்கை இவ்வாறிருக்க, செய்முறை என்ன சொல்கிறது? மேயர், மோரன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2007இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். உயர்நுண்மைத் தட்டுகளின் ஒலியை நேரடியாகவும், குறுந்தகட்டின் அளவுக்குக் குறுக்கியும், எது எதுவென்று தெரிவிக்காமல் கேட்கச் செய்தனர். 554 முறைகளில் சரியாகக் கண்டுபிடித்தவை 276. நாணயத்தைச் சுண்டினாலும் இதே அளவு கிட்டியிருக்கும். இச்சோதனையையும் சிலர் குறை கூறினர். பயன்படுத்திய பதிவுகள் சிலவற்றில் உயர் அதிர்வெண்களே இருந்திருக்க மாட்டா என்பது அவர்கள் வாதம். 2016இல் ஜோஷுவா ரைஸ், 18 சோதனைகளின் 12,500க்கும் மேற்பட்ட முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். சரியான விடைகள் 52.3 விழுக்காடு, பயிற்சி பெற்றோரிடம் இது கணிசமாகக் கூடுதல். வேறுபாடு உண்டு என்றே கொண்டாலும், பயிற்சியற்ற செவிக்கு அது நூலிழை அளவினதே.

அப்படியாயின், இத்தட்டுகள் இனிமையாக ஒலிப்பதாகப் பலர் கூறுவது வெறும் மயக்கமா? இல்லை. பிங்க் ஃபிளாய்டு குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 1973இல் வெளிவந்த இது, 2003இல் இரட்டை அடுக்குத் தட்டாக வந்தது. ஓர் அடுக்கு சாதாரணக் குறுந்தகடு. மற்றது சூப்பர் ஆடியோ. இரண்டையும் அளந்து பார்த்தபோது, குறுந்தகட்டு அடுக்கில் மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள இடைவெளி கூடுதலாக நெருக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. இத்தகைய தட்டில் இரண்டு அடுக்குகளையும் மாறி மாறிக் கேட்பவர், இரண்டு நுட்பங்களையா ஒப்பிடுகிறார்? இருவேறு தயாரிப்புகளை அல்லவா ஒப்பிடுகிறார்! பொறுமையுடன் பதப்படுத்திய பதிவு, குறுந்தகட்டிலும் அதே இனிமையுடன் ஒலிக்கும். அதைச் செய்யாமல், நல்ல பதிப்பை விலை உயர்ந்த அடுக்கில் மட்டும் வைப்பதே நாம் கண்டிக்க வேண்டிய செயல்.

இத்தட்டு தரும் மெய்யான கூடுதல் பயன் ஒன்றுண்டு. அது ஐந்து ஒலிபெருக்கிகளும் ஓர் அடியொலிப் பெட்டியும் சேர்ந்து எழுப்பும் சூழொலி. இதை விரும்புவோர் இணைப்பைக் கவனிக்க வேண்டும். நகலெடுப்பதைத் தடுக்கும் பொருட்டு, பழைய வகை டிஜிட்டல் கம்பி வழியே இவ்வொலி வெளிவிடப்படுவதில்லை. ஆறு தனித்தனி அனலாக் கம்பிகள் வேண்டும். அல்லது இரு முனையிலும் இவ்வசதியை ஏற்கும் எச்.டி.எம்.ஐ. இணைப்பு வேண்டும். ஆறு கம்பி வழியில், அடியொலியைப் பிரித்து அனுப்பும் வேலையைப் பல ரிசீவர்கள் செய்வதில்லை. அதை இயக்கியே செய்ய வேண்டும். இல்லையேல் சிறிய ஒலிபெருக்கிகள் தாங்கமாட்டாத அடியொலியைச் சுமந்து திணறும்.

வாங்குமுன் கடையில் கேட்டுப் பார்ப்போர், இரு கருவிகளின் உரப்பும் சமமாக உள்ளதா என முதலில் உறுதி செய்துகொள்க. ஒரு டெசிபெல் உயர்ந்தாலே அது 'தெளிவு' போலத் தோன்றும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு 20 முறை கேளுங்கள். 15 முறையேனும் சரியாகச் சொல்ல முடியாவிட்டால், பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்கும், அறையின் எதிரொலியைக் குறைக்கும் கனத்த திரைக்கும் செலவிடுவதே அறிவுடைமை. அந்த மாற்றத்தைக் கண்டறியச் சோதனை எதுவும் தேவைப்படாது!