தன்னை மறந்த பார்வை: ஆனி டில்லர்டின் டிங்கர் ஓடை நூலும் மனவிழிப்பு வாசிப்பும்

அமெரிக்க எழுத்தாளர் ஆனி டில்லர்ட் 1974இல் வெளியிட்ட ‘பில்கிரிம் அட் டிங்கர் கிரீக்’, வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் பள்ளத்தாக்கில் ஓடும் சிற்றோடை ஒன்றின் கரையில் ஓராண்டின் பருவங்கள்தோறும் கண்டவற்றைப் பேசும் உரைநடை நூலாகும். நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 28. அடுத்த ஆண்டே அது புலிட்சர் பரிசு பெற்றது. இளம் வயதினர் இயற்கைவெளியில் தனித்து நின்று, நிகழ்கணத்தில் மனத்தை நிறுத்தி, அமைதி பெறும் பயிற்சிக்கு இந்நூலை ஒரு முன்னோடியாகக் கொள்ளும் வாசிப்பு இன்று எளிதில் எழக்கூடியது. மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் மனவிழிப்புப் பயிற்சியின் சொற்களில் நூலை விளக்கும் அவ்வாசிப்பு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் சொல்லின் வரலாறு. பாலி மொழியின் ‘சதி’ என்பதற்கு ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லை 1881இல் வெளிவந்த பௌத்த சூத்திர மொழிபெயர்ப்பில் ரைஸ் டேவிட்ஸ் ஆண்டார். அச்சொல் மருத்துவமனைக்குள் நுழைந்தது 1979இல். மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய மன அழுத்தத் தணிப்புத் திட்டத்தின் வழியாக. டில்லர்டின் நூல் அதற்கு ஐந்தாண்டு முந்தியது. எனவே இவ்வாசிப்பு பின்னோக்கிப் பொருத்தப்பட்டது. அதனாலேயே அது பிழையாகிவிடாது; பிற்காலக் கருத்தாக்கம் முற்காலப் பனுவலைத் துலக்குவதும் உண்டு. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. ‘சதி’யின் வேர்ப்பொருள் நினைவு. எண்வகை வழியில் ஏழாவதாகிய ‘சம்மா சதி’யைத் தமிழ்ப் பௌத்த நூல்கள் ‘நற்கடைப்பிடி’ என்கின்றன. கடைப்பிடி என்பது கொண்ட பொருளை மறவாதிருத்தல் என இறையனார் களவியல் உரை விளக்கம் தருகிறது. நிகழ்கணத்தை மட்டுமே முன்னிறுத்தும் இன்றைய வழக்கில் நழுவிப்போன நினைவு என்னும் கூறு தமிழ்ச் சொல்லில் எஞ்சியிருக்கிறது. டில்லர்டை வாசிக்க இக்கூறு இன்றியமையாதது. அது பின்னர்க் காட்டப்படும்.

அமைதி தேடி இந்நூலுக்குள் வருபவர் முதல் இயலிலேயே தடுமாறுவார். ஓடைக்கரையில் சிறிய தவளை ஒன்று அசையாதிருக்கிறது. அருகில் சென்று பார்க்கையில் அதன் கண்கள் ஒளியிழக்கின்றன. தோல் காற்றுப் போன பைபோல் சுருங்கித் தொய்கிறது. நீருக்கடியில் இருந்த பெரிய நீர்ப்பூச்சி தவளையின் உடலுக்குள் நஞ்சைச் செலுத்தி, உள்ளுறுப்புகளைக் கரைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. பின்னர் வரும் ‘ஃபிகண்டிடி’ என்னும் இயல், உயிர்கள் எண்ணற்று முட்டையிட்டு எண்ணற்று மடியும் பெருக்கத்தை அருவருப்போடு எதிர்கொள்கிறது. இவ்விடங்களில் கூர்ந்து நோக்குதலின் விளைவு அமைதியன்று. படைத்தவன் எத்தகையவன் என்னும் கேள்வி. நூலின் முற்பகுதி இறையை நன்மைகளின் வழி அணுகும் நெறியையும், பிற்பகுதி மறுப்பின் வழி அணுகும் நெறியையும் தழுவியவை என டில்லர்டே பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். இவ்விரண்டும் கிறித்தவ மறைஞான மரபின் நெறிகள். மன அழுத்தத் தணிப்புக்கும் இவற்றுக்கும் உறவு மிகத் தொலைவு. தவளையைத் தாண்டிச் சென்று மரத்தின் ஒளியை மட்டும் எடுத்துக்கொள்ளும் வாசிப்பு, நூலின் எளிய பாதியை மட்டுமே வாசித்ததாகும்.

அந்த மரம் ‘சீயிங்’ என்னும் இரண்டாம் இயலில் வருகிறது. பிறவிக் கண்புரை நீக்கப்பட்டு முதன்முறை பார்வை பெற்றோரைப் பற்றி மாரியஸ் வான் செண்டன் தொகுத்த நூலை டில்லர்ட் அங்கு விரிவாக எடுத்தாள்கிறார். கட்டு அவிழ்க்கப்பட்ட சிறுமி ஒருத்தி தோட்டத்து மரத்தைக் கண்டு, அதில் விளக்குகள் இருப்பதாகச் சொல்கிறாள். அந்த மரத்தை டில்லர்ட் ஆண்டுக்கணக்கில் தேடுகிறார், கிடைக்கவில்லை. எதையும் எண்ணாமல் ஓடையோரம் நடந்துசென்ற ஒரு நாளில் கொல்லைப்புறச் சீடர் மரம் ஒளிவிடுகிறது. பார்த்தலில் இரு வகை உண்டென்பது அவர் துணிபு: ஒன்று பெயரிட்டு, அளந்து, சொல்லிக்கொண்டே பார்த்தல், மற்றொன்று தன்னை விட்டுவிட்டுப் பார்த்தல். முன்னது கேமராவோடு நடப்பது போன்றது. பின்னது கேமரா இன்றி நடப்பது. பின்னதை முயன்று பெற இயலாது என்பதே இவ்வியலின் உறுத்தலான முடிபு. பயிற்சி அதற்கு வழிவிடலாம், வரவழைக்க முடியாது.

‘த பிரசன்ட்’ என்னும் இயல் இதனை மேலும் இறுக்குகிறது. நெடுஞ்சாலைப் பயணத்தில் களைத்து ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிற்கும் டில்லர்ட், நாய்க்குட்டி ஒன்றைத் தடவியபடி எதிர்மலையில் மாறும் வெளிச்சத்தைக் காண்கிறார். அக்கணம் முழுமையாக அவர்முன் இருக்கிறது. ‘இதுதான் நிகழ்கணம்’ என்று தனக்குள் உணர்ந்த நொடியில் மலையும் நாய்க்குட்டியும் வெறும் பொருள்களாகிவிடுகின்றன. உணர்வு நிகழ்கணத்துக்குப் பகையன்று, தன்னுணர்வே பகை என்கிறார் அவர். தொடக்க நிலையினருக்கான மனவிழிப்புப் பயிற்சிகளோ தன்னைக் கவனித்தலிலேயே தொடங்குகின்றன: மூச்சைக் கவனி, எண்ணம் எழுவதைக் குறித்துக்கொள், கவனிப்பதையும் கவனி. தேர்ந்த பயிற்சியில் அக்குறிப்பும் உதிர்ந்துவிடும் என்று பௌத்த மரபினர் மறுமொழி கூறலாம், அது ஏற்கத்தக்கதே. ஆனால் டில்லர்ட் தன்னைக் கவனித்தலிலிருந்து தொடங்குவதில்லை. மஸ்க்ராட் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கை அவர் 40 நிமிடங்கள் அசையாது நோக்கும் இடம் இதற்குச் சான்று. அந்நேரத்தில் தன்னைப் பற்றிய உணர்வே அற்றுப்போனதாக எழுதுகிறார். அவர் கவனித்தது விலங்கை. தன் அமைதியை அன்று.

தமிழ் ஒப்பியலாளர்க்கு இவ்விடத்தில் திணைக் கோட்பாட்டை நினைவுகூரத் தோன்றும். ஒப்பீட்டுக்கு இடமுண்டு, ஆனால் வேறுபாடே பயன் தருவது. அகப்பாடலில் கருப்பொருள் மாந்தரின் உரிப்பொருளைச் சுமக்கிறது. டில்லர்டின் மஸ்க்ராட் எவர் மனத்தையும் சுமப்பதில்லை.

நற்கடைப்பிடிக்கு வருவோம். இந்நூல் ஓடைக்கரையில் எழுதப்பட்டதன்று. இருபதுக்கு மேற்பட்ட நாட்குறிப்பேடுகளிலிருந்து அட்டைகளில் குறிப்பெடுத்து ஒழுங்குபடுத்தப்பட்டது. நூலின் பிற்பகுதி ஹாலின்ஸ் கல்லூரி நூலகத்தின் சிறிய தனியறை ஒன்றில் எழுதப்பட்டது. சன்னலின் வழியே தெரிந்தவை கவனத்தைச் சிதறடித்ததால் திரைப்பட்டிகளை இறக்கிவிட்டு, அக்காட்சியைத் தாளில் வரைந்து அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டதாக ‘த ரைட்டிங் லைஃப்’ என்னும் 1989ஆம் ஆண்டு நூலில் டில்லர்ட் கூறுகிறார். ஓவியத்திறன் இருந்திருந்தால் மறைக்கப்பட்ட காட்சி முழுவதையும் அப்பட்டிகளிலேயே தீட்டியிருப்பாராம். அது இயலாததால் எழுதினார். தன்னை மறந்து கண்ட அந்த 40 நிமிடங்கள், கண்டதை மறவாத பிற்பாட்டு உழைப்பின்றி வாசகரை எட்டியிரா. கணத்தில் வாழ்தல் மட்டுமே இந்நூலின் செய்தி எனக் கொள்வோர் இவ்வறையைக் காண்பதில்லை.

எனினும் அவ்வாசிப்புக்கு நூலே ஒரு பங்கு இடங்கொடுக்கிறது. டில்லர்டின் முதுகலை ஆய்வேடு தோரோவின் ‘வால்டன்’ பற்றியது. தனித்து வாழும் நோக்குநர் என்னும் வடிவை அவர் அங்கிருந்து பெற்றார். ஆனால் அவர் வாழ்ந்தது காட்டிலன்று, புறநகர் வீடுகளுக்கிடையில். கவிஞரும் ஆசிரியருமான ரிச்சர்ட் டில்லர்டின் மனைவியாக. கணவர் நூலில் இல்லை. அண்டை வீட்டாரும் அரிதாகவே தலைகாட்டுகின்றனர். 1974இல் நியூயார்க் டைம்ஸ் மதிப்புரையில் யூடோரா வெல்டி, இந்நூலுலகில் டில்லர்டைத் தவிர வேறு மனிதர் இல்லையென்பதைச் சுட்டினார்; சில பகுதிகள் தமக்கு விளங்கவில்லை என்றும் ஒளிக்காது எழுதினார். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அம்மதிப்புரையின் முதற்கூற்று வலுவிழக்கவில்லை. தவளையின் மரணத்தை மறைக்காத எழுத்து, அடுத்த வீட்டுச் சுவரை மறைத்தது. தன்னை மறத்தல் வேறு, தன்னைச் சூழ்ந்த மனிதரை நீக்குதல் வேறு; டில்லர்ட் இரண்டாவதையும் முதலாவதன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். காட்டில் தனித்தமர்ந்து அமைதி பெறும் இளம்பெண் என்னும் படிமம் அவ்விடைவெளியில்தான் உருவாயிற்று.